கைப்பிரேக்கில் விழுந்த அட்சதை

டிரைவிங் டெஸ்டில் இரண்டு முறை தோற்றவள் நான். மூன்றாவது முறை காலை பதினொன்றுக்கு. ஒன்பதரைக்குக் காரைக் கிளப்பினால், சிவப்பு வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி! பிரேக் எச்சரிக்கை விளக்கு. அது எரிந்தால் டெஸ்ட் அதிகாரி காரில் ஏறக்கூட மாட்டார். எனக்கோ திங்கட்கிழமையிலிருந்து ஆஸ்பத்திரி லேபில் வேலை, காலை ஆறு மணி ஷிஃப்ட். அந்த நேரத்துக்கு ட்ருகனினா புறநகரில் எங்கள் பக்கம் பஸ் ஏது? லைசென்ஸ் இல்லையென்றால் வேலையும் இல்லை.

"நேத்துதானே பூஜை போட்டோம்!" என்றார் என் கணவர், பிள்ளையார் ஏமாற்றிவிட்ட மாதிரி.

"பூஜை போட்டா பதினாறு வருஷத்து கார் புதுசாயிடுமா?" என்று கத்தினேன். பயத்தில் எனக்குக் கோபம்தான் முதலில் வரும்.

மூன்று வீடு தள்ளியிருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணா மெக்கானிக். வேலைக்குப் போய்விட்டிருந்தார். போன் போட்டேன்.

"பதறாதேங்கோ தங்கச்சி. பொனற்றைத் திறந்து பிரேக் ஒயில் எவ்வளவு நிக்குதெண்டு பாருங்கோ."

"மேல் கோடு வரைக்கும் இருக்குண்ணா."

"அப்ப லீக் இல்லை. பிரேக்கை மிதிச்சா கால் உள்ளுக்குப் போகுதோ?"

"இல்லண்ணா, கெட்டியா நிக்குது."

"நல்லது. இப்ப ஹான்ட்பிரேக்கைக் கையால நல்லாக் கீழ அமத்துங்கோ. லைட் நூருதோ?"

அழுத்தினேன். விளக்கு அணைந்தது! கையை எடுத்தேன். மறுபடி எரிந்தது.

"ஓம், அதுதான். லீவர் முழுசா இறங்கேல்லை. அடியில ஏதோ சிக்கியிருக்கு."

கைப்பிரேக்கைச் சுற்றியிருக்கும் தோலுறை கிழிந்து பல நாளாகிறது. அந்தக் கிழிசலுக்குள் போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். மஞ்சள் மஞ்சளாக அரிசி! நேற்று கோயிலில் குருக்கள் காருக்கு வெளியே அட்சதை தூவியதோடு நிறுத்திக்கொண்டார். இவருக்கு அது போதவில்லை. நான் பாஸாக வேண்டுமென்று டிரைவர் சீட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் இரண்டு கை அள்ளிப் போட்டார். நெய்யும் மஞ்சளுமாக அது உள்ளே விழுந்து, ராத்திரியோடு லீவருக்கடியில் கட்டிதட்டிவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் வேக்குவம் கிளீனரோடு ஓடி வந்தார். ஒட்டிக்கொண்டதை நான் கரண்டிக் காம்பால் கிளறினேன். லீவர் 'டக்'கென்று இறங்கியது. விளக்கு போய்விட்டது. போனில் அண்ணா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

பாஸாகிவிட்டேன். இறங்கி வந்து சொன்னதும் என் கணவர் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. மிச்ச அட்சதை!

"காருக்கு வெளியவே போட்டுடுங்க சாமி!" என்று தலையைக் குனிந்தேன்.

திங்கட்கிழமை விடியுமுன் தனியாகக் கிளம்பினேன். இத்தனை மாதமும் இடப்பக்க சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தவர் அன்று வாசல் விளக்கடியில் நின்றார். கைப்பிரேக்கை இறக்கினேன். எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. முனை திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். நின்ற இடத்திலேயே அவர் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.