கொரியத் தாய் திரைக்கு அப்பால் பேசிய நாள்

ஜமால்தீன் வபாத்தான செய்தி காலை பஸ்ஸில் வந்தது. பின்னேரம் எங்கள் வாசகர் வட்டத்தின் செயற்குழு அவசரமாகக் கூடி, நீண்ட விவாதத்தின் பின், இரங்கல் கூட்டத்தில் பாலில்லாத தேநீரே வழங்கப்படும் என ஏகமனதாகத் தீர்மானித்தது. வட்டத்தின் வரலாற்றில் ஏகமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் இது. ஜமால்தீன் இருந்திருந்தால் எதிர்த்து வாக்களித்திருப்பார்.

அவரை அறிந்தவர்களுக்குக் கொரியாவும் தெரிந்திருக்கும். நெசவாளர் சங்கமொன்றில் எழுதுவினைஞராக இருந்த மனிதர், கொரிய இலக்கியம் பற்றிய பழைய ஆங்கில நூலொன்றை எங்கோ பிடித்து, அதிலிருந்து மீளவேயில்லை. ஜப்பான் ஆட்சியில் தோக்கியோவில் படித்த கொரிய மாணவர்கள் விடுமுறையில் ஊர் திரும்பி, பழைய அழுகை நாடகங்களை ஒதுக்கிவிட்டுத் தங்கள் வாழ்க்கையைத் தங்கள் மொழியில் மேடையேற்றியதையும், கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்த பொலிஸ்காரர் அதை இடையில் நிறுத்தியதையும் சந்தைக்குப் போகும் வழியிலும் சொல்வார். "நாடகத்தத் திருத்தப் போனவன்தான் மச்சான் நாட்டையும் கேட்டான். ரெண்டும் ஒரே வேல" என்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த மாணவர்களைப் பற்றித் தானே ஒரு நாடகம் எழுதினார். கதை கொரியாவில் நடந்ததால் பொலிஸ் அனுமதி உடனே கிடைத்தது. சிக்கல், மாணவனின் தாய் பாத்திரத்தில் வந்தது. ஆண் சேலை கட்டக்கூடாது என்றார் பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்த்த மரைக்கார். பெண் மேடையேறுவது பற்றி அவரிடம் கேட்கவே யாருக்கும் துணிவில்லை.

"கொரியாவிலயும் ஆம்புளதான் சேல கட்டின. அத மாத்தத்தான் அவனுகள் பாடுபட்ட" என்றார் ஜமால்தீன்.

"அப்ப அவனுகளுக்கு எங்கட சலாத்தச் சொல்லுங்க" என்றார் மரைக்கார்.

மண்டபத்தில் ஆண்களையும் பெண்களையும் பிரிக்க நடுவே திரை கட்டுவது எங்கள் வழக்கம். தாய், பெண்கள் பக்கத்திலிருந்து குரலாக மட்டும் வரட்டும் என்று ஜமால்தீன் முடிவு செய்தார். குரல் கொடுக்க அவருடைய மனைவியே இணங்கினார். ஒத்திகையில், "வசனம் மறந்து போனா என்ன செய்ற?" என்று கேட்டார்.

"வீட்டில எனக்கு ஏசுற மாதிரி ஏசு. ஜப்பான்காரன் ஓடிருவான்."

அஸர் தொழுகைக்குப் பின் நாடகம் தொடங்கியது. முன்வரிசையில் ஓர் இன்ஸ்பெக்டரும் இரண்டு பொலிஸ்காரரும் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களை யாரும் அழைத்திருக்கவில்லை. மாணவர்களைக் கைதுசெய்யும் கட்டத்தில் திரைக்கு அப்பாலிருந்து தாய் கேட்டாள்: "எங்கட பாஷையில அழுறதுக்கும் ஒங்கட உத்தரவு வேணுமா?"

இன்ஸ்பெக்டர் எழுந்து, "நிறுத்து!" என்று கத்தினார். சபைக்குள்ளிருந்து ஜப்பானியப் பொலிஸ் எழும்பும் என்று நோட்டீசிலேயே போட்டிருந்தோம். சனம் கைதட்டியது. அன்று கிடைத்த முதல் கைதட்டல் அது.

மேடையில் நின்றவர்கள் நிறுத்திவிட்டார்கள். குரல் நிறுத்தவில்லை. இன்ஸ்பெக்டர் திரையை நோக்கிப் போனார். மரைக்கார் குறுக்கே வந்தார்.

"அங்கால பொம்புளையள், சேர்."

"கதைக்கிற ஆள வெளிய வரச் சொல்லு."

"அது எங்கட வழக்கமில்ல."

தாய் கடைசி வசனம் வரை பேசி முடித்தாள். கைதட்டல் எப்போதோ ஓய்ந்திருந்தது. பெண்கள் பக்கத்தில் ஒரு கைக்குழந்தைகூட அழவில்லை.

"கதைச்சது யார்?"

அந்தக் குரலை அறியாதவர் மண்டபத்தில் ஒருவருமில்லை. ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஜமால்தீன் கையெழுத்துப் பிரதியுடன் முன்னால் வந்தார். "எல்லாம் நான் எழுதின, சேர். அங்கால கேட்டதும் என்ட கதைதான். என்னக் கொண்டு போங்க."

ஜீப் புறப்படும் வரை மரைக்கார் திரையைப் பிடித்த கையை விடவில்லை.

மூன்று வாரத்துக்குப் பின் ஜமால்தீனை விட்டார்கள். பிரதி திரும்பி வரவில்லை. அவரால் என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம்: யாருடன் நடந்தாலும் அந்த ஆளின் இடப்பக்கமாகவே நடக்கிறேன். ஜமால்தீனுக்கு வலது காது அதன்பின் கேட்கவில்லை.