பரமேஸ் அக்காவும் குழலுக்குள்ள மாட்டின பிட்டும்

பரமேஸ் அக்கா போயிட்டாங்க. காலையில பாசார்ல கீரை வாங்கிட்டு நிக்கிறேன், அவங்க தம்பி மகள் மெசேஜ்... அங்கேயே நின்னுட்டேன்.

தொண்ணூறு தாண்டியாச்சு, "கல்யாணச் சாவு லா"ன்னு யாராவது கமெண்ட் போடுவீங்க. போடாதீங்க. எனக்குக் கோபம் வரும்.

நானும் அவங்களும் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல ஒண்ணா வேலை பார்த்தோம். அவங்க யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ்ல பொறந்து வளர்ந்தவங்க. நான் கிள்ளான் பொண்ணு, வாய் நீளம். எப்படியோ ஒத்துப்போச்சு.

என் வீட்டுக்காரர் லோரி ஆக்சிடன்ட்ல போனப்போ பெரியவனுக்கு அஞ்சு வயசு, சின்னவளுக்கு மூணு. எனக்கோ ஷிப்ட் வேலை. "பிள்ளைங்கள என்கிட்ட விட்டுடு, லீவு கிடைச்சா வந்து பார்த்துக்கோ"ன்னு கிள்ளான்ல இருந்து மாமியார் சொன்னாங்க. வேற வழி தெரியல... சரின்னுட்டேன்.

அனுப்புறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்தாங்க. நான் சமைச்சுட்டு இருக்கேன், ரெண்டும் காலையே சுத்துது. "போங்கடா வெளியே"ன்னு ஒரு கத்து கத்தினேன்.

"ஏன் பிள்ளை கத்துறீர்? கையில ஒரு வேலையைக் குடும், பேசாம இருப்பினம்." சொல்லிட்டு அவங்களே தரையில பேப்பர் விரிச்சு, தவுகேயை, அதான் முளைப்பயறை, கொட்டி வால் கிள்ளச் சொன்னாங்க.

அது முடிஞ்சு நெத்திலிக்குத் தலை கிள்ளுற வேலை. சின்னவ தலையெல்லாம் பத்திரமா கிண்ணத்துல போட்டுட்டு உடம்பைத் தூக்கிக் குப்பையில போட்டா! அக்கா சிரிச்ச சிரிப்பு இருக்கே... ஐயோ.

நெத்திலி கிள்ளிக்கிட்டே ஒரு கதை சொன்னாங்க. ஜப்பான்காரன் வர்றதுக்கு முன்னாடி, முப்பதுகள்ல, இதே பிரிக்பீல்ட்ஸ்ல நடந்தது.

அக்காவுக்கு ஆறேழு வயசு இருக்கும்போது அவங்க அம்மா காய்ச்சல்ல தவறிட்டாங்க. அப்பா ரயில்வேல கிளார்க். வேலை முடிஞ்சு வந்து, அக்காவையும் நாலு வயசுத் தம்பியையும் பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டுத்தான் சமைப்பாராம். தம்பிக்கு அரிசி கழுவுற வேலை, அக்காவுக்கு வெங்காயம் உரிக்கிற வேலை.

இறந்துபோன அம்மாவோட கூடப்பிறந்த பெரியம்மா யாழ்ப்பாணத்துல இருந்து கப்பல்ல வந்தாங்க. ரெண்டு பிள்ளையையும் ஊருக்கே கூட்டிட்டுப் போயிடலாம்னு.

வந்து பார்த்தா பையன் சட்டையெல்லாம் நனைஞ்சு அரிசி கழுவுறான். பத்திக்கிட்டு வந்திருக்கு. "தாயில்லாப் பிள்ளையளை வேலைக்காரர் மாதிரி எல்லோ வச்சிருக்கிறியள்? ஆம்பிளைப் பிள்ளைக்கு அடுப்படியில என்ன அலுவல்?"

அப்பா பாட்டுக்கு அடுப்பை ஊதிக்கிட்டு இருந்தாரு. பிள்ளைங்கதான், "பெரியம்மாவுக்கு நாங்களே பிட்டு அவிச்சுத் தாறம்"னு சொல்லியிருக்காங்க. நல்லா வந்தா நம்மள விட்டுட்டுப் போயிடுவாங்கன்னு ஒரு நப்பாசை... பாவம்.

அப்பா சீனன் கடையில மாவு வாங்கிட்டு வந்தாரு. வெள்ளையா இருந்தா எல்லாம் அரிசி மாவுதான்னு நினைச்ச மனுஷன், புளுட் மாவை வாங்கிட்டு வந்துட்டாரு! அதான் லா, மலாய்க்காரங்க குவே பலகாரம் செய்வாங்களே, அந்த ஒட்டுற மாவு. அப்போ ஊர்ல இருந்து வந்த பாதிப்பேர் இந்தக் கூத்து அடிச்சிருப்பாங்க.

மாவும் தேங்காய்ப்பூவும் மாத்தி மாத்திக் குழல்ல போட்டு அவிச்சாச்சு. வெளியே வரமாட்டேங்குது. தம்பி கம்பால குத்துறான், அக்கா தரையில தட்டுறாங்க... ம்ஹூம், பசையா பிடிச்சுக்கிச்சு.

"சரி, இனிக் கப்பல்தான்"னு அக்கா அழவே ஆரம்பிச்சுட்டாங்க. பெரியம்மா கதவோரமா நின்னு பார்த்துக்கிட்டே இருக்காங்க, அப்பா எப்போ கை ஓங்குவாருன்னு. மாவு கொட்டினாலே முதுகு பழுக்கிற காலம் அது.

அவர் ஓங்கல. மூங்கில் குழலைக் கத்தியால பிளந்து, உள்ளே இருந்ததைச் சுரண்டி எடுத்து, "சரி, உருட்டுங்கோ பாப்பம்"னாராம்.

மூணு பேரும் உருண்டை பிடிச்சு, கொதிக்கிற தண்ணியில அப்பா போட்டு எடுக்க, பிள்ளைங்க தேங்காய்ப்பூவுலயும் சீனியிலயும் புரட்டினாங்க. கொஞ்ச நேரத்துல பெரியம்மாவும் சேலையை இழுத்துச் செருகிட்டு உட்கார்ந்துட்டாங்க.

உருட்டிக்கிட்டே தம்பிகிட்ட, "என்னோட வாறியோ ராசா?"ன்னு கேட்டாங்க.

"நான் வந்தா அப்பாவோட ஆர் சமைக்கிறது?" தலையைக்கூடத் தூக்கலையாம் அவன்.

பெரியம்மா தனியாத்தான் கப்பல் ஏறினாங்க.

இவ்வளவுதான் சொன்னாங்க அக்கா. எனக்கு ஒரு புத்திமதி கிடையாது, ஒண்ணும் கிடையாது. கையைக் கழுவிட்டு பஸ் ஏறிப் போயிட்டாங்க.

மறுநாள் மாமியாருக்கு போன் போட்டு, "பிள்ளைங்க என்கூடவே இருக்கட்டும் அத்தை"ன்னேன். கிழி கிழின்னு கிழிச்சாங்க. அப்புறம் பார்த்தா, ஆபீஸ்ல என் நைட் ஷிப்ட் எல்லாம் அக்கா பேருக்கு மாறியிருக்கு. ரிட்டயர் ஆகுற வரைக்கும் அவங்கதான் பார்த்தாங்க. நான் கேட்கவே இல்லைங்க...

இன்னிக்கு மத்தியானம் பெரியவனுக்கு போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். இத்தனை வருஷமா அவனுக்கு இது தெரியாது.

"எங்களை அனுப்ப இருந்தீங்களாம்மா?"

"ஆமாடா..."

அப்புறம், "ரெடியா இருங்க, நானும் தங்கச்சியும் வர்றோம். சேர்ந்தே போய் அவங்களைப் பார்ப்போம்"னான்.

வாசல்ல கார் சத்தம் கேக்குது. கிளம்புறேன்.

அக்கா... நிம்மதியா போங்க. பிள்ளைங்க என்கூடத்தான் இருக்காங்க.