இரண்டாம் கட்டிலின் பொத்தான்

அந்தப் பெண்ணின் பெருவிரல் நகம் வெளுத்துப்போயிருந்தது. அவ்வளவு இறுக்கமாக அவர் கட்டிலோரத்துப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். தாதி ஓடி வந்துவிட்டார், என் மச்சாள் வந்துவிட்டார், முற்றத்தில் பற்றரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நானும் வந்து நின்றேன். அப்போதும் அவர் விரலை எடுக்கவில்லை. கண் மட்டும் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தது. அன்று அந்த ஆஸ்பத்திரி வாட்டில் நடந்த பிழை என்னுடையது என்று அந்த நிமிடம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போயிருக்கமாட்டேன்.

சண்டை ஓய்ந்திருந்த, சமாதான காலம் என்று நாங்கள் சொல்லிப் பழகிய வருடங்கள் அவை. ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே போகும் வழியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. பிள்ளைப்பேற்று வாட்டில் எட்டுக் கட்டில்கள், பகலில் ஒரேயொரு தாதி. தாதியை நாங்கள் மிசி என்போம். மிசி பிரசவ அறைக்குள் போய்விட்டால் எட்டுக் கட்டில்களுக்கும் கண்ணும் காதும் என் மச்சாள்தான். மாமாவின் மூத்த மகள், அங்கே சிற்றூழியர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நிலம் துடைப்பார், துணி மாற்றுவார், நியாயம் என்று பட்டால் யாரோடும் வாய் கொடுப்பார். நான் கிளிநொச்சியில் மின்னணுப் பயிற்சி முடித்துவிட்டு மாமா வீட்டில் இருந்து ரேடியோ திருத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் மச்சாள் சோறு போட்டபடியே கேட்டார்: "நீ படிச்ச படிப்புக்கு ஒரு பெல் செய்யத் தெரியுமோ? சத்தம் வைக்கச் சீவனில்லாததுகள் கிடக்குதுகள். அதுகள் என்னெண்டு மிசியைக் கூப்பிடுறது?" பாதி நக்கல், பாதி கெஞ்சல். எனக்கு உடனே ரோசம் வந்துவிட்டது.

எட்டுப் பொத்தான், மிசியின் மேசையில் எட்டுச் சின்ன விளக்கு, நடுவில் ஒரு பெட்டிக்குள் மைக்ரோகொன்ரோலர் என்ற சின்னக் கணினிச் சிப். அதற்குள் ஒரு சிறிய கேர்னல். எந்த வேலை எப்போது ஓட வேண்டும் என்று முறை பிரித்துக் கொடுக்கும் நிரல் அது. பயிற்சி நிலையத்தில் கிடைத்தது. பொத்தான்களைக் கவனிக்கும் டிரைவர் நிரலை மட்டும் நான் எழுதினேன். ஒவ்வொரு பொத்தானும் சிப்பின் ஒவ்வொரு காலோடு, அதாவது கம்பி முனையோடு, இணைந்திருந்தது. பொத்தானை அழுத்தியதும் அந்தக் காலில் மின்னழுத்தம் விழும். சிப் தன் கையிலுள்ள வேலையை அப்படியே போட்டுவிட்டு என் டிரைவரிடம் ஓடிவரும். இதைக் குறுக்கீடு என்பார்கள். இதில் ஒரு தொல்லை உண்டு. மலிவான பொத்தானின் தகடு அழுத்தும்போது நடுங்கும், ஒரு அழுத்தல் இருபதாகத் தெரியும். அதற்கு நான் கண்டுபிடித்த வைத்தியம் மிகச் சுலபமானது. முதல் அழுத்தல் வந்ததும் விளக்கை ஏற்று, மற்ற எல்லாக் குறுக்கீடுகளுக்கும் கதவைச் சாத்து, விரல் எடுபடும்வரை காத்திரு, பிறகு கதவைத் திற. மாமா வீட்டு மேசையில் வைத்து எத்தனையோ தரம் அழுத்திப் பார்த்தேன். ஒருதரமும் பிசகவில்லை. ஆனால் அழுத்தியது என் விரல். விளக்கு எரியும் என்று முன்கூட்டியே தெரிந்த விரல் தொட்டுவிட்டு எடுத்துவிடும்.

பொருத்திய மூன்றாம் நாள் மத்தியானம், மிசி பிரசவ அறைக்குள் இருந்தபோது, இரண்டாம் கட்டிலில் தலைப்பிள்ளைக்காரிக்கு நோவு கூடிற்று. அவர் பொத்தானை அழுத்தினார். மேசையில் இரண்டாம் விளக்கு எரிந்தது. மச்சாள் அதைக் கண்டு துடைப்பத்தைப் போட்டுவிட்டு அவரிடம் நடந்தார். நடக்கும்போது தற்செயலாக ஆறாம் கட்டிலைப் பார்த்தார். அன்று காலையில் பிள்ளை பெற்றிருந்த பெண் அதில் கிடந்தார். கடை வைத்திருந்து, இடம்பெயர்ந்து, அப்போதுதான் ஊர் திரும்பியிருந்த ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பெண். அவர் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். மேசையில் ஆறாம் விளக்கு எரியவேயில்லை. கட்டிலுக்குக் கீழே இரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. மச்சாள் போட்ட கூச்சலில் மிசியும் டொக்டரும் ஓடிவந்தார்கள், முற்றத்திலிருந்து நானும் போனேன்; இரண்டாம் கட்டில்காரி அப்போதும் விரலை எடுக்கவில்லை. ஆறாம் கட்டில் பெண் பிழைத்தார். மச்சாளின் கண் பட்டதால் பிழைத்தார், என் பெட்டியால் அல்ல. இரண்டாம் கட்டிலில் விரல் எடுபடாதவரை என் டிரைவர் கதவைச் சாத்திவிட்டு வாசலிலேயே நின்றது. மற்ற ஏழு கட்டில்களுக்கும் அது செவிடு.

டொக்டர் நல்ல மனிதர். கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது. காரணத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப பிரச்சினை இதுகள் விடாமப் பிடிச்சுக்கொண்டிருக்கிறதுதான்" என்றார். ஒரு கடதாசியில் பெரிய எழுத்தில் எழுதி வாட்டுச் சுவரில் ஒட்டுவித்தார்: அழுத்தியவுடன் விரலை எடுக்கவும். வெள்ளிக்கிழமை தானே சோதித்துப் பார்ப்பதாகவும், சரிவராவிட்டால் வயர்களைக் கழற்றிவிடுவதாகவும் சொன்னார். எனக்கு அந்தக் கடதாசி பெரிய ஆறுதலாக இருந்தது. பிழை என்னுடையதல்ல, பழக்கமில்லாத சனத்தினுடையது என்று எழுத்திலேயே வந்துவிட்டதல்லவா! நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

அன்று பின்னேரம் மச்சாள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக என்னைப் பிடித்துக்கொண்டார். "அவள் பிடிச்சுக்கொண்டிருந்தது பிழையெண்டு நீயும் தலையாட்டுறாய் என்ன?" என்றார். "எங்களுக்கு எப்பவாவது ஒருக்கா அமத்தினோடனை ஆராவது வந்திருக்கினமோ? நிவாரண லைனிலை இடத்தை விட்டால் இடம் போகும். பஸ்ஸிலை கம்பியை விட்டால் ஆள் போகும். பிடிச்சதை விடாமல் இருந்துதானே இவ்வளவு நாளும் சீவிச்சனாங்கள்? நோவிலை கிடக்கிறவள் உன்ரை பெட்டிக்காக விரலை எடுக்கவேணுமோ?" நான் சிப்பைப் பற்றியும் தகட்டின் நடுக்கத்தைப் பற்றியும் விளக்கத் தொடங்கினேன். அவர் பாதியில் கை காட்டி நிறுத்தினார். "ஓ.பி.டி. வாசலிலை துண்டு குடுக்கிற மனிசன் என்ன செய்யிறவர்? நம்பரை எழுதிக் குடுத்திட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். முதல் வந்த ஆளின்ரை வருத்தம் மாறுமட்டும் அவரோடையே நிண்டால் பின்னுக்கு நிக்கிறவன் செத்துப்போவான். உன்ரை ஆள் அப்பிடித்தான் நிண்டிருக்கிறான்."

புத்தகத்தில் அதைத்தான் எழுதியிருந்தார்கள், நானும் அதை வாசித்துப் பரீட்சையில் புள்ளியும் எடுத்திருந்தேன். குறுக்கீட்டின்போது செய்வது மிகக் குறைவாக இருக்க வேண்டும். காத்திருப்பதெல்லாம் வெளியே வேறு வேலைக்குரியது. அடுத்த நாள் காலை பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போனேன். பயிற்சி நிலையக் கணினியில் உட்கார்ந்து டிரைவரை அடியிலிருந்து எழுதினேன். இந்த முறை குறுக்கீடு வந்ததும் அது கட்டில் இலக்கத்தை ஒரு வரிசையில் போடும், அந்த ஒரு காலை மட்டும் கொஞ்ச நேரத்துக்கு மூடும், உடனே திரும்பிவிடும். மற்ற ஏழும் திறந்தே இருக்கும். தகட்டின் நடுக்கம் அடங்கிய பிறகு கேர்னலின் வேறொரு வேலை வந்து வரிசையைப் பார்த்து, அந்தக் கால் இன்னும் அழுத்தப்பட்டபடிதானா என்று உறுதிசெய்து, விளக்கை ஏற்றும். மூடிய காலைத் திரும்பத் திறக்கும்முன் பழைய நடுக்கம் விட்டுப்போன அடையாளத்தை அழிக்க வேண்டும். அதை மறந்து ஒரு முழு மத்தியானத்தைத் தொலைத்தேன். மச்சாள் இன்னொன்றும் கேட்டிருந்தார். விடாமல் பிடித்திருப்பவளின் விளக்கு சும்மா எரியாமல் விட்டுவிட்டு மின்ன வேண்டுமாம். பிடித்துக்கொண்டிருப்பவளுக்குத்தானே பயம் கூட, அது மிசிக்குத் தெரிய வேண்டாமா என்றார். அதையும் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை டொக்டர் வந்தார். அன்று இரண்டாம் கட்டில் வெறுமையாக இருந்தது. மச்சாள் ஒருவரையும் கேட்காமல் அதில் ஏறிப் படுத்து, பொத்தானில் பெருவிரலை வைத்து அழுத்தினார். விளக்கு எரிந்தது, பிறகு மின்னத் தொடங்கிற்று. "இனி எல்லாத்தையும் அமத்திப் பாருங்கோ டொக்டர்" என்றார். மிசி ஒவ்வொரு கட்டிலாகப் போய் அழுத்தினார். ஒன்று, மூன்று, நான்கு என்று எல்லாம் எரிந்தன. ஆறாம் கட்டிலுக்கு டொக்டர் தானே போனார். நிறுத்தி ஒருதரம், மெல்ல ஒருதரம், பிறகு கடகடவென்று பலதரம் அழுத்தினார். ஒவ்வொரு முறையும் மேசையில் விளக்கு எரிந்தது. வாட்டில் இருந்த பெண்கள் எல்லோரும் எழுந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

"சரி, வேலை செய்யுது. பெட்டி இருக்கட்டும்," என்றார் டொக்டர். "நீங்கள் எழும்புங்கோ."

மச்சாள் எழும்பவில்லை. விரலும் எடுபடவில்லை. படுத்தபடியே சுவரைக் காட்டினார். "அந்தக் கடதாசியைக் கழட்டுங்கோ டொக்டர். நான் விரலை எடுக்கிறன்."

ஒரு சிற்றூழியர் டொக்டரிடம் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. அவருடைய வேலை போய்விடும் என்றே நான் நினைத்தேன். "சொல்லிக் குடுத்தால் நல்லதுதானே?" என்றார் டொக்டர் மெதுவாக. "நோவிலை கிடக்கிறவளுக்குப் பாடம் எடுக்கேலாது. பெட்டிக்கு எடுத்தாச்சு, அது காணும்," என்றார் மச்சாள். டொக்டர் சுவரடிக்குப் போய்க் கடதாசியைத் தன் கையாலேயே உரித்து, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். மச்சாள் விரலை எடுத்துவிட்டு எழும்பிப் போய் வாளியைத் தூக்கினார். நான் அந்த இடத்தில் நின்றபடியே அழுதேன் என்பதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை.

மறுபடி சண்டை தொடங்கிற்று, பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆஸ்பத்திரி முதலில் ஓரிடத்துக்கும் பிறகு வேறோரிடத்துக்கும் பெயர்ந்தது, அந்தக் கட்டடம் இப்போது இல்லை. மச்சாள் இருக்கிறார். வற்றாப்பளையில், அதே வாயோடு. அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது சிலர் எங்களை ஒன்றும் தெரியாத சனம் என்று இரக்கத்தோடு எழுதுகிறார்கள். அந்த இரக்கத்தைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் இப்போது கொழும்பில் ஒரு நிறுவனத்தில் மற்றவர்கள் எழுதும் டிரைவர் நிரல்களைச் சரிபார்க்கிறேன். போன மாதம் முதியோருக்கான ஓர் அழைப்புக் கருவியின் நிரல் வந்தது. எழுதியவர் யாழ்ப்பாணத்துக்காரர், கெட்டிக்காரர். ஒரு பொத்தான் தொடர்ந்து அழுத்தப்பட்டிருந்தால் மற்றவை செவிடாகிவிடும் என்பதை அவரே கண்டிருந்தார். கண்டுவிட்டு, நிரலைத் திருத்தாமல் பாவனைக் கையேட்டில் ஒரு வரி சேர்த்திருந்தார்: பொத்தானைத் தொடர்ந்து அழுத்திப் பிடிக்க வேண்டாம். அந்த வரியை வெட்டித் திருப்பி அனுப்பினேன். அவர் என் மேசைக்கே வந்துவிட்டார்.

"அப்பிடி விடாமப் பிடிச்சுக்கொண்டு ஆர் அண்ணை இருக்கப்போகினம்?"

"எங்கடை சனம்," என்றேன். "அவை விடமாட்டினம். நீர் நிரலைத் திருத்தும்."