ஷம்சியா இத்தா தண்ணீர் குடித்த நாள்

"நான் போயிட்டு வர எவ்வளவு நேரமாச்சு, ஸாதனா?"

ஷம்சியா இத்தா என்னிடம் இதைக் கேட்டபோது கடையில் நாற்பது டிவிக்கள் ஓடிக்கொண்டிருந்தன. பதில் எனக்குத் தெரியும். பதினொரு நிமிடம். ஆனால் வாயைத் திறக்க முடியவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

பிளஸ் டூ முடித்ததும் எனக்கு மேலே படிக்கப் பிடிக்கவில்லை. கொச்சியில், பள்ளுருத்தி வீட்டில் சும்மா உட்காரவும் முடியவில்லை. மட்டாஞ்சேரியில் ஒரு பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடையில் டிவி பிரிவில் சேர்ந்தேன். தமிழ் பேசும் கஸ்டமர்கள் நிறைய வருவார்கள் என்பதால் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு வேலை கற்றுக்கொடுக்க யாருக்கும் நேரமில்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொள் என்றார்கள். எல்லோரும் இத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடும் ஷம்சியாவின் பக்கத்தில் நின்றேன்.

இத்தாவுக்கு நாற்பத்தொரு வயது. அந்தக் கடையில் பதினோராவது வருடம். கொச்சங்காடியில் வாடகை வீடு, எட்டாவது படிக்கும் மகன், வேறு யாரும் இல்லை. எங்கள் கடையைப் போன்ற இடங்களில் வேலைக்கு ஆள் தேவை என்று ஒட்டும் போர்டில் முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள் என்றுதான் இருக்கும். இந்த வேலை போனால் இன்னொரு கடையில் நிற்க முடியாது என்று இத்தாவுக்குத் தெரியும். மேனேஜர் சஜ்ஜாத் சாருக்கும் தெரியும்.

டிவி விற்பது கஷ்டமில்லை. விற்காமல் போவதுதான் கஷ்டம். ஒரு குடும்பம் வரும். ஏசி காற்றில் ஒரு மணி நேரம் நிற்கும். ஒவ்வொரு டிவியின் படமும் சத்தமும் எப்படி என்று இத்தா தொண்டை வறளச் சொல்லிக் காட்டுவார். கடைசியில் அந்த வீட்டுப் பையன் மாடல் நம்பரைப் போனில் படமெடுப்பான். "சேச்சி, ஆன்லைன்ல நோக்கிட்டு வராம்" என்று போய்விடுவார்கள். இத்தா சிரித்துக்கொண்டே கதவு வரை போய் வழியனுப்புவார். சிரிக்காவிட்டால் கேமராவில் பார்த்துவிட்டு சஜ்ஜாத் சார் கூப்பிடுவார்.

எங்களுக்கு உட்கார உரிமை உண்டு என்று சட்டம் இருக்கிறது. ஒரு ஸ்டூலும் இருந்தது. அதன் மேல் ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள்.

கடையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு கஸ்டமரிடம் நான்கு நாள் பேசினாலும், அவர் வாங்க வரும் நேரத்தில் யார் பக்கத்தில் நிற்கிறாரோ, கஸ்டமரே வேறு பெயர் சொல்லாதவரை அவர் பெயரில்தான் விற்பனை ஏறும். எனவே யாரும் இடத்தை விட்டு நகர மாட்டார்கள். பெண்களுக்கான கழிப்பறை கடைக்குள் இல்லை. செக்யூரிட்டியிடம் சாவி வாங்கி, குடோனைச் சுற்றி, அடுத்த கட்டடத்துக்குப் போக வேண்டும். இத்தா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். காலையிலிருந்து இரவு வரை தண்ணீர் குடிக்க மாட்டார்.

ஓணம் சீசனில் சஜ்ஜாத் சார் எங்களை வரிசையாக நிறுத்தினார். "டிவி செக்ஷன்ல ஆறு பேர் இருக்கு, ஒரு ஆள் அதிகம். ஓணத்துக்கு முந்தின நாள், உத்ராடத்தன்னைக்கு கணக்கு நோக்கும். கடைசியில நிக்கிற ஆள் வீட்டுல ஓண விருந்து சாப்பிட்டு அங்கேயே இருக்கலாம்" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அப்போது கடைசியில் இருந்தது இத்தாவும் நானும். உத்ராடத்துக்கு இரண்டு நாள் முன்பும் அப்படித்தான், இருவரும் பதினேழு டிவி.

இத்தாவின் நம்பிக்கை முழுவதும் பாண்டித்துரை என்ற ஒருவர் மேல் இருந்தது. தேனிப் பக்கத்துக்காரர். பஜாரில் பரோட்டாக் கடை வைத்திருந்தார். கடையில் மாட்ட அறுபத்தைந்து இஞ்ச் டிவி வேண்டும் என்று நான்கு நாள் வந்தார். "கல்லுப் புகை பட்டா கெட்டுருமா?" "நூறு பேரு கத்துவாய்ங்க, சத்தம் கேக்குமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இத்தா தன் லீவு நாளில் டேப் எடுத்துக்கொண்டு அவர் கடைக்கே போனார். சுவரை அளந்து, புகை வராத இடத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு வந்தார்.

அந்த வாரம் இத்தாவுக்குக் காய்ச்சல். நின்றபடியே நடுங்கினார். சிறுநீரில் கிருமி, தண்ணீர் குடிக்காததுதான் காரணம் என்று டாக்டர் திட்டியிருக்கிறார். சஜ்ஜாத் சாரிடம் அரை நாள் கேட்டார்.

"இது கடையா, ஆஸ்பத்திரியா? போணும்னா போ. திரிச்சு வர வேண்டாம்."

நான்தான் வீட்டிலிருந்து பார்லி தண்ணீர் கொண்டுபோனேன். இத்தா வேண்டாம் என்றார். நான் விடவில்லை. "குடிங்க இத்தா, நான் பாத்துக்கிறேன்" என்றேன். முழு பாட்டிலையும் குடித்தார். அரை மணி நேரத்தில் முகம் மாறியது.

"மோளே, அந்தப் பரோட்டாக்கடைச் சேட்டன் வந்தா பேசிக்கிட்டே நில்லு. விட்டுடாதே. ஓடிப் போயி ஓடி வந்துடுறேன்."

"போங்க இத்தா. நான் பிடிச்சு வெக்கிறேன்."

அவர் போன மூன்றாவது நிமிடம் பாண்டித்துரை உள்ளே வந்தார்.

"ஏம்மா, நாலு நாளா எனக்குப் பாடம் எடுத்த அம்மா எங்க? இன்னைக்கு எடுத்துர வேண்டியதுதான்."

எனக்குப் பின்னால் சஜ்ஜாத் சார் நின்றார். என் காதருகே, "பதினெட்டு வேணுமா, வேண்டாமா?" என்றார். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. யோசிக்க நேரம் இருந்தது.

"அவங்க இன்னைக்கு லீவு சார்" என்றேன்.

"அடடா. சரி, நீயே போடும்மா."

பில் கவுண்டரில், டிவியை யார் காட்டிக் கொடுத்தது என்று கேட்டார்கள். பாண்டித்துரை என்னைப் பார்த்தார். நான் என் பெயரைச் சொன்னேன்.

இத்தா திரும்பி வரும்போது டிவிப் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாண்டித்துரை அவரைப் பார்த்து, "என்னம்மா, லீவுன்னாங்க?" என்று ஆச்சரியமாகக் கேட்டார். இத்தா அவரைத் தாண்டி நடந்தார். நேராக என்னிடம் வந்துதான் தொடக்கத்தில் எழுதிய அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன். சஜ்ஜாத் சார் எல்லோருக்கும் கேட்க, "மூத்திரம் ஒழிக்கப் போயி, அறுபத்தஞ்சு இஞ்ச் ஒழுகிப் போச்சு" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அதைத்தான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

மீதி இரண்டு நாளில் ஆளுக்கு மூன்று டிவி விற்றோம். இத்தா அதன் பிறகு ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. உத்ராடத்தன்று இரவு, கடை அடைக்கும்போது, அவருடைய பெயர் பேட்ஜைக் கழற்றி வாங்கினார்கள். பதினொரு வருடத்துக்கு ஒரு பாக்கெட் நேந்திரங்காய் உப்பேரி கொடுத்தார்கள். அதையும் வாங்கிக்கொண்டு, "வரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சீசன் முடிந்த இரண்டாவது மாதம் என்னையும் அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகுதான் கொச்சங்காடிக்குப் போனேன். இத்தா கிரில் கதவைத் திறக்கவில்லை. உள்ளே இறால் வாடை. இறால் கம்பெனியில் தோல் உரிக்கும் வேலைக்குப் போகிறார் என்று தெரிந்தது. விரல் நுனிகள் வெந்து வெளுத்திருந்தன. நான் அழுதேன்.

"எதுக்கு அழற? நீ சாமர்த்தியக்காரி. என்னைவிட நல்லா விக்கிறவ."

"இத்தா, தெரியாம..."

"தெரிஞ்சுதான் செஞ்சே. எங்கிட்ட வந்து சொன்னா எனக்கு வேலை வருமா? வாங்கப் போறவங்ககிட்ட போயி சொல்லு." உள்ளே போய்விட்டார். டிவி சத்தம் இல்லை. அந்த வீட்டில் டிவி இல்லை.

எனவே உங்களிடம் சொல்கிறேன். கடைக்குப் போனால், உங்களுக்குப் பொருளைக் காட்டி விளக்கியவரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது அவர் இல்லை என்றால் பத்து நிமிடம் காத்திருங்கள். பில் போடும் இடத்தில் அந்தப் பெயரையே சொல்லுங்கள். என்னைப் போல ஒருத்தி லீவு என்று சொன்னால் நம்பாதீர்கள். டிவியோ ஃபிரிட்ஜோ வாங்கப் போகும் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவர் கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படிக்கக் கொடுங்கள்.