மீட்டருக்குக் கேன் தண்ணீர்

திருச்சுழிப் பக்கம் ஓடைக்கரையில் ஒரு ஏக்கர் நிலம், போர் தண்ணீரோடு. அதை வாங்கி வீடு கட்டிக் குடியேற வேண்டும் என்பது துபாயில் இருக்கும் என் வீட்டுக்காரர் மன்சூர் அலியின் ஆசை. அங்கிருந்தே பேசி முடித்து அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். பத்திரம் பதிவதற்கு முந்தின வாரம், வீரசோழனில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நிலத்துக்காரர் சின்னச்சாமியின் மகள், பெயர் யுவராணி.

"அக்கா, அந்த போர் தண்ணிய உங்க பிள்ளைகளுக்குக் குடுத்துராதீக," என்றாள்.

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவள் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

யுவராணி பாலிடெக்னிக் படித்தவள். அருப்புக்கோட்டைக்கு வெளியே திருச்சுழி ரோட்டில் மாதவன் என்பவருடைய சாயப்பட்டறையில் பல வருடங்களாக வேலை. நூலுக்குச் சாயம் போட்ட கழிவுநீரை வடிகட்டிச் சுத்தம் செய்யும் பிளாண்ட் அவள் பொறுப்பு. மோட்டாரை மாற்றி விடுவதிலிருந்து தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று சோதிப்பதுவரை எல்லாம் அவள் கையால்தான். வடிகட்டி அடைத்துக்கொண்டால் சாயத்தண்ணீர் அப்படியே ஓடைக்குப் போகும். ஓடைக்குப் பக்கத்தில்தான் அவள் அப்பாவின் போர். கத்தரிச்செடி கருகியது. ஆடுகள் தொட்டியில் வாய் வைக்காமல் திரும்பின. தெரிந்துமா அங்கேயே வேலை பார்த்தாய் என்று சுள்ளென்று கேட்டுவிட்டேன்.

"நான் இருந்தாலாச்சும் கொஞ்சம் ஒழுங்கா ஓடும்னு நெனச்சேன்க்கா," என்றாள்.

போன வருடம், வெளியே போகும் தண்ணீரில் உப்பை அளக்கும் தானியங்கி மீட்டர் வைத்து, அளவை அதிகாரிகளின் கம்ப்யூட்டருக்கு நேரடியாக அனுப்ப வேண்டும் என்று பட்டறைக்கு உத்தரவு வந்தது. யுவராணிக்கு உயிர் வந்த மாதிரி இருந்ததாம். மூன்று கம்பெனிக்காரர்கள் வந்து விளக்கினார்கள். முதல் கம்பெனியின் மிஷின் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. உப்பு கூடினால் வெளி வால்வு தானாக மூடிக்கொள்ளும், தண்ணீர் திரும்பவும் தொட்டிக்கே போய்விடும், கையால் திறக்க வழியே இல்லை. இதை வைத்தால் அப்பாவின் போர் பிழைத்துவிடும் என்று மாதவனிடம் கெஞ்சாத குறையாக எடுத்துச் சொன்னாள். அந்த மாதவன், தன் வீட்டில் தொட்டி கட்டி மழைநீரைச் சேர்த்து அதை மட்டுமே குடிக்கிறவர்.

"வால்வு தானா மூடிக்கிட்டா பட்டறை நின்னுருமே. யாரைக் கேட்டு நிக்கும்?" என்றார் அவர்.

இரண்டாவது மிஷின், உப்பு கூடினால் எல்லோருடைய போனுக்கும் செய்தி அனுப்பும். அதுவும் வேண்டாம் என்றார். மூன்றாவது ஆளிடம் அவர் விலையைக்கூட விசாரிக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான். "தண்ணிக்குள்ள போடுறீகளே சென்சாரு, அதுக்கு வயரு எம்புட்டு நீளம் வரும்?"

"நீங்க சொல்ற நீளத்துக்கு விடுவோம் சார். ஆபீஸ் ரூம் வரைக்கும்கூட வரும்," என்றானாம் அவன். இரண்டு பேரும் சிரித்தார்களாம். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு இரண்டு பேரையும் செருப்பால் அடிக்கலாம் போல இருந்தது.

அந்த மிஷின்தான் வந்தது. வயர் ஜன்னல் வழியாக ஆபீசுக்குள் போனது. அங்கே ஒரு பிளாஸ்டிக் வாளி, அதில் கடையில் வாங்கிய கேன் தண்ணீர், அதற்குள் சென்சார். தினமும் காலையில் அந்தத் தண்ணீரை மாற்றுவது யுவராணியின் வேலை. ரொம்பச் சுத்தமாகக் காட்டினால் சந்தேகம் வரும், ஒரு சிட்டிகை உப்புப் போடு என்று மாதவனே சொல்லிக்கொடுத்தார். என்ன ஜென்மமோ. வேலை போய்விடும் என்று அவளும் கொஞ்ச நாள் போட்டாள். ஒருநாள் மனசு கேட்காமல் சென்சாரை எடுத்துக்கொண்டு போய், அது இருக்கவேண்டிய வாய்க்காலில் போட்டாள். அளவு எகிறியது. அதிகாரி வந்துவிட்டார்.

"விவரம் தெரியாத பொண்ணு சார், கழுவாத சென்சாரைப் போட்டுருச்சு," என்று கும்பிட்டார் மாதவன். அன்றைக்கே அவளை வேலையை விட்டு நிறுத்தினார். அதிகாரி அதை நம்பவில்லை. ஓடைப் பக்கத்து போர்களில் தண்ணீர் எடுத்துப் பார்க்கிறேன் என்று கிளம்பினார். யுவராணி சந்தோஷமாக அவரைத் தன் அப்பாவிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

சின்னச்சாமி மோட்டார் ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "மோட்டாரு எரிஞ்சு போச்சு சார், தண்ணி எடுக்க முடியாது. ஆனா தண்ணிக்கு ஒரு கொறையும் இல்ல, எளநி கணக்கா இருக்கும்," என்றார். மோட்டாருக்குக் கரண்ட் போகாதபடி பிடுங்கிய பியூஸ் கட்டை அவர் வேட்டி மடியில் இருந்ததை மகள் பார்த்துவிட்டாள்.

அதிகாரி போனபிறகு, "ஏம்ப்பா?" என்று கேட்டிருக்கிறாள்.

"நெலத்துக்கு அட்வான்ஸ் வாங்கியாச்சு தாயி. ஜவுளிப் பூங்கா வருதுன்னு இப்பத்தான் வெல ஏறிருக்கு. தண்ணி கெட்டதுன்னு எழுதிட்டா எவன் வாங்குவான்?"

"வாங்குறவுக அதைக் குடிக்க மாட்டாகளா?"

"அது அவுக பாடு."

அதனால்தான் பஸ்ஸைப் பிடித்து என்னிடம் வந்தாள். அவளை வைத்துக்கொண்டே துபாய்க்குப் போன் போட்டேன், ஸ்பீக்கரில். அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.

"நல்லவேள, இப்பவே தெரிஞ்சுச்சு," என்றார். "பத்திரத்தை முடிப்போம். மதுரைக்காரர் ஒருத்தர் அந்த நெலத்தைக் கேட்டுக்கிட்டே இருக்காரு, அவருக்குத் தள்ளி விட்டுருவோம். தண்ணி விசயத்தை நீ யார்ட்டயும் மூச்சு விடாத, ஷஹீனா."

யுவராணி என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். அவளை வாசல்வரை கொண்டுவிடக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது. த்தூ, என்ன மனுஷர்கள். இந்த ஆளோடுதான் நான் இத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

மறுநாள் நிலத்தைக் காட்டிவிட்ட புரோக்கரிடம் நம்பர் வாங்கி, அந்த மதுரைக்காரருக்கு நானே போன் செய்தேன். ஓடை, சாயம், போர் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது வேற யாருக்கும் தெரியுமாம்மா?" என்றார்.

"ஊருக்கே தெரியும்," என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்போது அது பொய். இப்போது நீங்களும் படித்துவிட்டீர்கள்.