பெயர் நிற்காத ஃபோல்டர்

டோனர் வாசனை... பெட்டி மானிட்டரிலிருந்து முகத்தில் அடிக்கும் சூடு... காக்ஸ் டவுனில் நான் வேலை பார்த்த டி.டி.பி. சென்டர் என்றாலே எனக்கு அதுதான் முதலில் வரும். விண்டோஸ் எக்ஸ்பி காலம்.

அங்கே ஒரு ரூல். எந்த வேலை வந்தாலும் கஸ்டமர் பெயரின் முதல் மூன்று இங்கிலீஷ் எழுத்தில் ஒரு ஃபோல்டர் போட வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் ஓனர் உட்கார்ந்து, 'நியூ ஃபோல்டர்' என்று கிடப்பதையெல்லாம் குப்பை என்று அழித்துவிடுவார்.

ரேவதி அந்த வாரம்தான் சேர்ந்திருந்தாள். குடியாத்தத்துப் பெண். ஈஜிபுராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். கொஞ்ச நாள் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். அவளுக்குக் கொடுத்த முதல் வேலை ஒரு கான்வென்ட்டின் வெள்ளி விழா மலர்.

கான்வென்ட்... முதல் மூன்று எழுத்து CON.

அதை டைப் செய்து என்டர் தட்டினால் மறுபடி 'நியூ ஃபோல்டர்' என்றே வந்து நிற்கும். ஒரு எரர் மெசேஜ்கூட வராது. அந்தப் பெயரை விண்டோஸ் தன் உபயோகத்துக்கு எடுத்து வைத்திருக்கிறது, நாம் வைக்க முடியாது. ஃபார்வர்டு மெயிலில் படித்திருந்ததால் எனக்குத் தெரியும்.

"அண்ணா, பேரு நிக்கவே மாட்டேங்குதுண்ணா..."

"உன்னைப் புடிக்கல போல அதுக்கு. சாமிய கும்பிட்டு அடிச்சிப் பாரு."

நான் சொன்னதும் எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ரூலை மீறி வேறு பெயர் வைக்கப் பயந்து, நியூ ஃபோல்டரிலேயே வேலையைத் தொடர்ந்தாள். சனிக்கிழமை அழிப்பது அவளுக்கு இன்னும் தெரியாது. இன்னும் ரெண்டு நாள் கலாய்த்துவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன். நடுவில் சனிக்கிழமை வருவதை மறந்துவிட்டேன்... அப்படித்தான் இத்தனை வருஷமாக எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை காலை, அவள் செய்த இருபது பக்கமும் இல்லை. அழித்தது ஓனர். திட்டு அவளுக்கு, ஓனரின் கன்னடம் கலந்த தமிழில்.

"ஏனம்மா, ஒரு ஃபோல்டருக்குப் பேர் வெக்கத் தெரியாதா? சும்னே வந்து உக்காந்துட்டுப் போறியா?"

"வெச்சேன் சார். பத்து வாட்டி வெச்சேன். அது எடுத்துக்கல சார்..."

"கம்ப்யூட்டர் எடுத்துக்கலையாம்! கேளுங்கப்பா."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று என் பக்கம் திரும்புவாரே என்ற பயம். கீபோர்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மத்தியானமே அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார். திறக்காத டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"எனக்கும் கம்ப்யூட்டருக்கும் ராசியில்லண்ணா."

இன்று நான் ஐ.டி. கம்பெனியில் டீம் லீட். இப்போதெல்லாம் CON என்று அடித்தால், அந்தப் பெயர் செல்லாது என்று விண்டோஸே மெசேஜ் காட்டிவிடுகிறது. டீமில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அதை அடித்துப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. ரேவதி அதற்குப் பிறகு ஒரு கீபோர்டைத் தொட்டாளா என்றுகூடத் தெரியாது.

"முழுசா கான்வென்ட்னு அடிம்மா."

அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது.