பெஞ்சின் நடு இடம்

மணி அடிப்பதும், வகுப்பறைகளைக் கூட்டுவதும், தண்ணீர்த் தொட்டி நிரப்புவதும் அவள் வேலை. அதனால் பள்ளியில் அவள் எல்லோருக்கும் மணியக்கா. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். டீச்சர்களின் அறைக்குள் போனால் வாயே திறக்க மாட்டாள். கண் மட்டும் சும்மா இராது. எந்தப் பிள்ளை சாப்பிடாமல் டப்பாவை மூடுகிறது, எந்த டீச்சருக்குத் தலைவலி என்று ஜன்னல் வழியாக ஒரு பார்வையிலேயே சொல்லிவிடுவாள்.

அவள் மகள் அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. கணக்கு என்றால் தண்ணீர் பட்ட பாடு.

முன்பு நன்றாகப் படிக்கிறவர்களுக்குத் தனி வகுப்பு இருந்தது. "அப்போ எங்க பிள்ளைங்க மட்டமா?" என்று மற்ற பெற்றோர் சண்டைக்கு வந்ததும் எல்லோரையும் கலந்துவிட்டார்கள். பெரிய டீச்சர் ஒரு ஏற்பாடு செய்தார். கெட்டிக்காரப் பிள்ளைகளின் பெயர் மஞ்சள் அட்டையில், மற்றவர்கள் பெயர் வெள்ளை அட்டையில். பெஞ்சுக்கு மூன்று பேர். நடுவில் மஞ்சள், இரு பக்கமும் வெள்ளை. மஞ்சள் தன் கணக்கை முடித்துவிட்டு இரண்டு பக்கமும் சொல்லித்தர வேண்டும்.

மகள் நடுவில் உட்கார்ந்தபோது மணியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பெருமையெல்லாம் ஒரு மாதம்தான். கூட்டிக்கொண்டே எட்டிப் பார்ப்பாள். பத்து நிமிடத்தில் மகள் நோட்டை மூடியிருப்பாள். மிச்ச நேரமெல்லாம் இடப்பக்கம் ஒரு இழுப்பு, வலப்பக்கம் ஒரு இழுப்பு. எழுந்து தண்ணீர் குடிக்கப் போவதென்றாலும் ஓரத்துப் பிள்ளை நகர்ந்து வழிவிட வேண்டும்.

"புதுசா எதுவும் இல்லம்மா. அதே பின்னத்தையே மூணு மாசமா சொல்லிட்டிருக்கேன்" என்பாள் மகள்.

"டீச்சர் சொன்னா செய்யணும் கண்ணு."

அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரம் மகள் குதித்துக்கொண்டு வந்தாள். "நான் வெள்ளைம்மா! இப்ப ஜன்னல் ஓரம்!"

மணியக்கா துடைப்பத்தைக் கீழே வைத்தாள். வருடக் கடைசியில் அந்த அட்டைதான் பெரிய பள்ளிக்குப் போகும்; அதைப் பார்த்துத்தான் அங்கே பிள்ளைகளைப் பிரிப்பார்கள். வெள்ளை என்றால் அங்கே ஆறாம் வகுப்பிலும் இதே பின்னம்தான்.

விடைத்தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். பன்னிரண்டு விடை தப்பு. பன்னிரண்டும் சரியான விடைக்கு ஒன்று குறைவு. தெரியாத பிள்ளை இப்படித் தப்புப் பண்ணாது, கண்டபடி பண்ணும். ரப்பரால் அழித்த இடத்தில் முதலில் எழுதிய சரியான விடையின் தடம் இன்னும் குழிந்திருந்தது.

"வேணும்னே பண்ணியா?"

மகள் தரையைப் பார்த்தாள். "சொல்லிடாதம்மா. திரும்ப நடுவுல போட்டுடுவாங்க."

சொன்னால் மகளுக்குத் துரோகம். சொல்லாவிட்டால் படிப்பு போச்சு. இரண்டு நாள் மென்று முழுங்கிக்கொண்டே மணி அடித்தாள். ஒரு நாள் இடைவேளை மணியை ஐந்து நிமிடம் முன்னதாகவே அடித்துத் திட்டும் வாங்கினாள். திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில் வகுப்பு டீச்சர் முன்னால் போய் நின்றாள்.

"என்ன மணியக்கா, தண்ணி வரலையா?"

"இல்ல டீச்சர். என் பொண்ணு... மஞ்சள்தான்."

டீச்சர் சிரித்துவிட்டார். "எல்லா அம்மாவும் அப்படித்தான் சொல்றாங்க."

மணியக்கா விடைத்தாளை மேசையில் விரித்து, பேசாமல் ஒவ்வொரு விடையாக விரல் வைத்துக்கொண்டு போனாள். ஐந்தாவது விடையில் டீச்சரின் சிரிப்பு நின்றது.

"ஏன் இப்படிப் பண்ணா?"

"நடுவுல உக்கார முடியலையாம். கெட்டிக்காரப் பிள்ளைங்க ரெண்டு மூணு பேரை ஒரே பெஞ்சுல போட்டா..."

"மத்த பெஞ்சுக்கு யாரு சொல்லித்தருவா? நாப்பத்திரண்டு பேர் மணியக்கா, நான் ஒருத்தி."

"அவளுக்கு யாரு டீச்சர் சொல்லித்தருவா?"

கேட்ட பிறகுதான் டீச்சரை எதிர்த்துப் பேசிவிட்டது அவளுக்கு உறைத்தது. டீச்சர் விடைத்தாளை மேலிருந்து கீழே இன்னொரு முறை பார்த்தார். பிறகு மகளின் வெள்ளை அட்டையைக் கிழித்துவிட்டு மஞ்சளில் எழுதினார். "வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு மட்டும் மஞ்சள் பிள்ளைங்களைப் பின்னாடி ஒண்ணா உக்கார வச்சு வேற கணக்குத் தரேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

சாயங்காலம் மகள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "சொல்லிட்டேல்ல?"

"சொல்லிட்டேன்."

வெள்ளிக்கிழமை ஏற்பாட்டைச் சொன்னாள். மகள் மெல்லத் திரும்பினாள்.

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் நடுவுலதான்."

"இன்னிக்குத் திங்கக்கிழமைதானே ஆகுது" என்றாள் மகள்.